புண்பட்டவரையும் கேளுங்கள்: உள்துறை அமைச்சுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சிங்கப்பூர் உள்துறை அமைச்சின் பொறுப்பாளர்களுக்கும், இன நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டத்தைச் செயல்படுத்தும் பணியில் இருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

2025 பிப்ரவரியில் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தை நிறைவேற்றியபோது மனமார வரவேற்றவர்களில் நானும் ஒருத்தி. 2021ஆம் ஆண்டு தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் இப்படியொரு சட்டம் வரும் என்று அறிவித்த நாளிலிருந்து, 2024இல் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கப்பட்ட காலத்தைக் கடந்து, நாடாளுமன்ற விவாதம் முடியும்வரை ஒவ்வொரு கட்டத்தையும் கவனித்து வந்தேன். இனம் தொடர்பான குற்றங்கள் ஒரே சட்டத்தின்கீழ் வந்திருப்பதும், ஓர் இனத்தாருக்கு எதிராக வன்முறையைத் தூண்டுபவருக்கு 10 ஆண்டுவரை சிறைத்தண்டனை விதிக்க வழிசெய்திருப்பதும், பகை மூட்டும் பேச்சு ஊரெங்கும் பரவுவதற்கு முன்பே அமைச்சர் தடையாணை பிறப்பிக்க இடமளித்திருப்பதும் இந்த நாட்டுக்குத் தேவையானவை. 1964 ஜூலை 21ஆம் தேதி மூண்ட இனக் கலவரத்தை நேரில் கண்ட தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. கலவரம் எப்படித் தொடங்குகிறது என்பதை அவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

ஆனாலும், சட்டத்தின் விளக்கங்களைப் படிக்கப் படிக்க ஒரு கவலை எனக்குள் வளர்ந்துகொண்டே வந்தது. வெறுப்பைப் பேசியவர் ஒருபுறமும், அந்தப் பேச்சால் நல்லிணக்கம் குலையக்கூடிய சமூகம் மறுபுறமும் அதில் தெளிவாகத் தெரிகின்றன. யாரை நோக்கி அந்த வெறுப்பு வீசப்பட்டதோ அந்த மனிதர், பேருந்திலோ மின்தூக்கியிலோ கோப்பிக்கடையிலோ நின்றுகொண்டிருந்த அந்த ஓர் ஆள், எங்கே நிற்கிறார் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. இந்த மடலின் வேண்டுகோள் அவரைப் பற்றியதே.

வார இறுதிகளில் வெளிநாட்டு ஊழியர்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தரும் தொண்டூழியர்களில் நானும் ஒருத்தி. புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து கட்டுமானத் தளத்தில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் என் வகுப்புக்கு வருகிறார். ஒருநாள் பாடம் முடிந்து எல்லாரும் எழுந்து போன பிறகு, அவர் தம் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினார். முந்திய வாரம் வேலை முடிந்து பேருந்தில் வந்துகொண்டிருந்தபோது, பக்கத்து இருக்கையில் இருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து, அத்தனை பேர் முன்னிலையிலும் அவரை நோக்கி உரக்க ஏதோ சொல்லியிருக்கிறார். ஆங்கிலம் முழுவதும் பிடிபடவில்லை. எனவே, காதில் விழுந்ததை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு, ஒரு வாரம் காத்திருந்து, அதற்கு என்ன பொருள் என்று என்னிடம் கேட்டார்.

அவர் எழுதியிருந்ததை இங்கே எடுத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. அவருடைய நிறத்தையும் ஊரையும் உடல் நாற்றத்தையும் ஒரே மூச்சில் இழுத்துப் பேசிய வசை அது. பொருளை மறைக்காமல் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “டீச்சர், இதுக்குப் புகார் குடுத்தா என் பர்மிட்டுக்கு எதுவும் வந்துடாதுல்ல?” என்று கேட்டார். புகார் கொடுப்பவரின் வேலை அனுமதியைப் பறிக்கச் சொல்லும் சட்டம் எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால், புகார் கொடுப்பதால் உங்களுக்கு எந்தக் கெடுதலும் நேராது என்று அவர் படிக்கக்கூடிய மொழியில், அவர் நம்பக்கூடிய அமைப்பு ஒன்றின் பெயரில் எழுதப்பட்ட ஒரு தாளை என்னால் எடுத்துக் காட்ட முடியவில்லை. அவர் புகார் கொடுக்கவில்லை.

ஒருவேளை கொடுத்திருந்தாலும் என்ன நடந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கிறேன். இத்தகைய வாய்ச்சண்டைகளும் வசைகளும் பலமுறை, காவல்துறை உடனடியாகக் கைது செய்ய இடமில்லாத குற்றங்களாகக் கருதப்படுகின்றன. அப்போது புகார்தாரர் அரசு நீதிமன்றங்களுக்குச் சென்று நீதிபதியிடம் தாமே முறையிடலாம் என்ற அறிவுரை கிடைக்கிறது. தொல்லையிலிருந்து பாதுகாக்கும் சட்டம் 2014இல் வந்ததும், அதற்கெனத் தனி நீதிமன்றம் 2021இல் திறக்கப்பட்டதும் உண்மையிலேயே பெரிய முன்னேற்றங்கள். ஆயினும், ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலியை இழக்கும் ஒருவர், பெயர் தெரியாத ஒரு பயணிமீது, மொழி தெரியாத ஓர் அலுவலகத்தில் போய் முறையிடுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமாகுமா? குடிமக்களுக்கே இது எளிதன்று. மின்தூக்கியில் அண்டைவீட்டுக்காரரிடம் தொடர்ந்து வசை கேட்டுவந்த ஒரு மூதாட்டிக்குத் துணையாக நான் அலைந்திருக்கிறேன். மூன்றாவது இடத்துக்குப் போகச் சொன்னபோது அவர், “வேண்டாம்மா, நான் படிக்கட்டுலயே ஏறிப் போயிடுறேன்” என்று சொல்லி வீடு திரும்பிவிட்டார். யாரும் தவறாக நடந்துகொள்ளவில்லை. எல்லாரும் பண்பாகவே பேசினார்கள். ஆனால், முடிவில் மின்தூக்கியை விட்டு விலகியவர் வசைக்கு ஆளானவர்தான்.

காவல்துறை முழுமூச்சாகச் செயல்பட்ட வழக்குகளும் உண்டு. 2021 மே மாதம் சுவா சூ காங் வட்டாரத்தில், முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டு வேகநடை சென்றுகொண்டிருந்த 55 வயது இந்தியப் பெண்மணியை ஓர் ஆடவர் இனத்தைச் சொல்லி ஏசி, நெஞ்சில் உதைத்த சம்பவத்தை நாடே அறியும். அந்த ஆடவருக்கு நான்கு வாரச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது 2023இல். இனப் பகையோடு செய்யப்படும் குற்றத்துக்கு வழக்கமான தண்டனையைப் போல் ஒன்றரை மடங்குவரை விதிக்கத் தண்டனைச் சட்டத்தின் 74ஆவது பிரிவு இடமளிக்கிறது. அந்தப் பிரிவு ஏட்டில் மட்டும் இருக்கவில்லை என்பது எங்களுக்கு ஆறுதல். என்றாலும், சம்பவத்துக்கும் தீர்ப்புக்கும் இடையே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. நீதிமன்றத்துக்கு அவகாசம் தேவைதான். அந்த இடைக்காலத்தில், உதைபட்டவர் மறுபடியும் அதே நடைபாதையில் அச்சமின்றி நடக்க யார் என்ன செய்தார்கள் என்பது சட்டத்தின் கேள்வியாக இல்லை. அது நம் எல்லாருடைய கேள்வியாக இருந்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் புதிய சட்டத்தின் மிக நல்ல பகுதியாக நான் கருதும் ஏற்பாட்டுக்கு வருகிறேன். கடுமை குறைந்த குற்றங்களில், இழைத்தவர் விரும்பி முன்வந்தால், வழக்குத் தொடுப்பதற்குப் பதிலாகச் சமூகப் பரிகார முயற்சி ஒன்றை மேற்கொள்ள அவருக்கு வாய்ப்புத் தரலாம் என்பது அந்த ஏற்பாடு. சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டபோது அறிமுகமான வழிமுறை இப்போது இனத்துக்கும் வந்திருக்கிறது. புண்பட்ட சமூகத்தாரிடம் மன்னிப்புக் கேட்பதும், அவர்களைப் புரிந்துகொள்ள உதவும் நிகழ்ச்சிகளில் பங்கேற்பதும் இதில் அடங்கும். சிறைக்கு அனுப்பி ஒருவர் மனத்தில் பகையை முற்றவைப்பதைவிட இது மேலான வழி என்பதில் எனக்கு ஐயமில்லை. எனினும், புண்பட்ட சமூகத்தாரின் சார்பில் அந்த மன்னிப்பைப் பெற்றுக்கொள்பவர் யார்? ஓர் அமைப்பின் தலைவரா, அடித்தளத் தலைவரா, கோயில் நிர்வாகியா? அவர்கள் நல்லவர்கள், அனுபவம் மிக்கவர்கள். ஆனால், பேருந்தில் நின்று வசையைக் கேட்டவர்கள் அவர்கள் அல்லர்.

2017ஆம் ஆண்டு நடந்ததை நினைவூட்ட விரும்புகிறேன். தமிழ் முஸ்லிம்களின் வரலாற்றோடு பின்னிய ஜாமே சூலியா பள்ளிவாசலில் பணியாற்றிய இமாம் ஒருவர், தொழுகை உரைக்குப் பின் யூதர்களுக்கும் கிறிஸ்துவர்களுக்கும் எதிரான சொற்களைக் கூறியது காணொளியாகப் பரவியது. அவருக்கு 4,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டு, அவர் தாயகம் அனுப்பப்பட்டார். ஆனால், அந்தத் தண்டனையைவிட என் மனத்தில் நிலைத்தது வேறு. அவர் கிறிஸ்துவ, சீக்கிய, தாவோயிச, பௌத்த, இந்து சமயங்களின் பிரதிநிதிகளைச் சந்தித்து வருத்தம் தெரிவித்தார். வாட்டர்லூ ஸ்திரீட்டில் உள்ள யூத ஆலயத்துக்குத் தாமே சென்று அவர்களுடைய சமய குருவிடமும் மன்னிப்புக் கேட்டார். இந்நாட்டில் யூதர்கள் மிகச் சிறிய சமூகத்தினர். எண்ணிக்கை குறைவு என்பதற்காக அவர்களுக்குரிய மன்னிப்பு பொது அறிக்கை ஒன்றின் வழியாகப் போய்ச் சேரவில்லை. வார்த்தை யாரை நோக்கிப் போனதோ அவர்கள் வாசலுக்கே மனிதர் நடந்து போனார். இந்த முறையைத்தான் புதிய ஏற்பாட்டின் அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆகவே, சமூகப் பரிகார முயற்சி எதுவாயினும், அதை வகுப்பதற்கு முன் நேரடியாகப் பாதிக்கப்பட்டவரை அவருடைய மொழியில் கேளுங்கள். இழைத்தவரை நேரில் பார்க்க அவருக்கு விருப்பமா, கடிதம் போதுமா, தம் பெயரே வெளியில் தெரியக்கூடாதா என்பதை அவர் முடிவு செய்யட்டும். சந்திக்க விரும்பாதவரை நல்லிணக்கத்தின் பெயரால் நெருக்கவும் கூடாது. முயற்சி முடிந்த பிறகு என்ன நடந்தது என்று அவருக்கு ஒரு வரியேனும் தெரிவியுங்கள். புகார் கொடுத்தவருக்கு அதன் முடிவு தெரியாமலே போவது, அடுத்த முறை அவர் வாய்திறக்காமல் இருப்பதற்குப் போதுமான காரணமாகிவிடுகிறது.

சட்டம் எளிதில் எட்டாத ஒரு வெறுப்பும் இருக்கிறது. இந்தியாவுடன் 2005இல் கையெழுத்தான விரிவான பொருளியல் ஒத்துழைப்பு உடன்பாட்டின் சுருக்கப் பெயர் ‘சீக்கா’. அது இன்று மனிதர்கள்மீது எறியப்படும் வசையாகிவிட்டது. அந்த உடன்பாடு இந்தியர்களுக்குத் தடையின்றி உள்ளே வரவோ, நிரந்தரவாசியாகவோ, குடிமகனாகவோ உரிமை தரவில்லை என்பதையும், நிறுவனங்களுக்குள் இடமாற்றம் பெற்று இந்தியாவிலிருந்து வந்தோர் 2020இல் ஏறத்தாழ 500 பேர்தாம் என்பதையும் அமைச்சர் ஓங் யி காங் 2021 ஜூலை 6ஆம் தேதி நாடாளுமன்றத்தில் விளக்கினார். விளக்கம் தெளிவாகவே இருந்தது. ஆனாலும் வசை நிற்கவில்லை. வேலைச் சந்தையைப் பற்றிய கவலை உண்மையானது, அதைப் பேசுவதற்கு ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிமை உண்டு. தோல் நிறத்தைப் பார்த்தே ஒருவரை ஓர் ஒப்பந்தத்தின் பெயரால் ஏசும்போது அங்கே பொருளியல் விவாதம் முடிந்துபோகிறது. இந்த எல்லைக்கோட்டை அமைச்சர்களும் எல்லாக் கட்சிகளின் நாடாளுமன்ற உறுப்பினர்களும் தேர்தல் நேரத்திலும் மற்ற நேரத்திலும் ஒரே குரலில் வரைந்து காட்ட வேண்டும்.

நம் தமிழ்ச் சமூக அமைப்புகளும் இந்த மடலைப் படிக்கும் என்பதால், அவர்களிடமும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ‘சீக்கா’ என்று ஏசப்படும்போது நம்மவரில் பலருக்கு உடனே வாயில் வருகிற பதில், “நான் இங்கேயே பிறந்தவன், தேசிய சேவை செய்தவன், நான் அந்த ஆள் இல்லை” என்பது. அந்தப் பதிலின் வலி எனக்குப் புரிகிறது. நான்கு தலைமுறையாக இங்கு வாழ்ந்துவிட்டு அந்நியராக ஏசப்படுவது சாதாரணக் காயமன்று. என்றாலும், அந்தப் பதில் வசையைத் தடுப்பதில்லை. பக்கத்தில் நிற்கும் இன்னொருவர் பக்கம் அதைத் திருப்பி விடுகிறது. நேற்று வந்து இறங்கிய மென்பொருள் பொறியாளரையும், விடுதியில் தங்கியிருக்கும் கட்டுமான ஊழியரையும் அப்படி ஏசினால் பரவாயில்லை என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடுகிறது. 1950களில் ‘தமிழ் முரசு’ நாளிதழின் நிறுவனர் கோ. சாரங்கபாணி தமிழர்களைச் சிங்கப்பூர்க் குடியுரிமை பெறும்படி ஊக்கப்படுத்தியபோது, அதைப் பெற்றவர்களில் எத்தனையோ பேர் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர்களே. வந்தவரை இழிவாகப் பேசும் உரிமை வேறு எவருக்கும் இல்லை என்றால், நமக்கு இன்னும் இல்லை.

2020 ஏப்ரலில் ஊழியர் விடுதிகளில் கிருமித்தொற்று பரவியபோது, அங்கே அடைபட்டுக் கிடந்தவர்களின் பழக்கவழக்கங்களையே குற்றம்சாட்டி ஒரு நாளேட்டில் வாசகர் கடிதம் வந்தது. சட்ட, உள்துறை அமைச்சராக இருந்த கா. சண்முகம் அதை வெளிப்படையாகக் கண்டித்தார். ஓர் அமைச்சர் அப்படிப் பேசியதன் பயனை நான் என் வகுப்பிலேயே கண்டேன். அந்தச் செய்தியின் தமிழாக்கம் கைப்பேசிகளில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போனது. நமக்காகவும் ஒருவர் பேசுகிறார் என்று அவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். அதிகாரத்தில் இருப்பவரின் ஒரு சொல் இவ்வளவு தொலைவு போகும் என்றால், அது எப்போதோ ஒருமுறை வராமல் வழக்கமாக வர வேண்டும். சிராங்கூன் கார்டன்சில் விடுதி அமையக்கூடாது என்று 2008இல் குடியிருப்பாளர்கள் மனுக் கொடுத்த நாள்முதல், ஊழியர்களைப் பற்றிய பொதுப் பேச்சில் அவர்களே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைவு நமக்குப் பெரும்பாலும் இருப்பதில்லை.

வாடகை வீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் தமிழ்க் குடும்பங்கள் இதை என்னைவிட நன்றாக அறியும். தொலைபேசியில் பெயரைச் சொன்னதும் முகவரின் குரல் மாறும். “ஓனர் இந்தியர்களுக்குக் கொடுப்பதில்லை, சமையல் வாசனை” என்பார். சட்டத்தின்முன் அனைவரும் சமம் என்று கூறும் அரசமைப்புச் சட்டத்தின் 12ஆவது பிரிவு அரசாங்கத்தையும் பொது அமைப்புகளையும் கட்டுப்படுத்துகிறது. தம் வீட்டை வாடகைக்கு விடும் தனியாரை இனத்தைக் காரணம் காட்டி மறுக்கக்கூடாது என்று தடுக்கும் தனிச்சட்டம் இங்கு இல்லை. வேலையிடத்தில் இனம், மொழி, நாடு போன்றவற்றால் பாகுபாடு காட்டுவதைத் தடுக்க 2025 ஜனவரியில் வேலையிட நியாயச் சட்டம் நிறைவேறிவிட்டது. 25 பேருக்குக் குறைவான ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் விலக்கு இருந்தாலும், ஒரு கோடு வரையப்பட்டுவிட்டது. வீட்டு வாடகைக்கும் அப்படியொரு கோடு தேவை. வெறுப்புப் பேச்சு என்றால் கத்துவது மட்டுமே என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கும்வரை, மென்மையான குரலில் நாள்தோறும் சொல்லப்படும் இந்த மறுப்பு கணக்கிலேயே வராது.

இன்னொன்றும் உண்டு, இதைச் சொல்லும்போது எனக்குத் தயக்கம் இருந்தாலும் சொல்லியாக வேண்டும். 2019 ஜூலையில், சீன நடிகர் ஒருவர் முகத்தைக் கருமையாக்கிக்கொண்டு இந்தியராகவும் தலையங்கி அணிந்து மலாய்ப் பெண்ணாகவும் தோன்றிய விளம்பரம் ஒன்று வெளிவந்தது. அதற்கு எதிர்வினையாக இந்திய உடன்பிறப்புகள் இருவர் ஆபாசச் சொற்கள் கலந்த காணொளி ஒன்றை வெளியிட்டார்கள். விளம்பரம் குற்றமாகக் கருதப்படவில்லை, காணொளியை வெளியிட்டவர்களுக்கு நிபந்தனையுடன் கூடிய எச்சரிக்கை விடுக்கப்பட்டது. அந்தக் காணொளியின் சொற்களை நான் ஆதரிக்கவில்லை. சீனர்கள் எல்லாரையும் அது சேர்த்து ஏசியது தவறு. ஆனால், அந்த முடிவுக்குப் பிறகு சிறுபான்மை இளைஞர்கள் பலர் தாங்கள் சந்தித்த இனவெறியைப் பற்றி வெளிப்படையாகப் பேசவே அஞ்சியதை நான் பார்த்தேன். புண்பட்டவர் தம் புண்ணைக் காட்டிப் பேசுவதும், பிறரைப் புண்படுத்துவதும் வேறு வேறு. புதிய சட்டத்தின்கீழ் அதிகாரிகள் இதை எப்படிப் பிரித்துப் பார்ப்பார்கள் என்பதை எடுத்துக்காட்டுகளுடன், நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும், பள்ளி மாணவர்க்கும் விளங்கும் நடையில் வெளியிடுங்கள். எது குற்றம் என்பது தெரிந்தால்தான் எது குற்றமில்லை என்பதைத் துணிந்து பேச முடியும்.

பெரிதாக எதையும் நான் கேட்கவில்லை. பரிகாரம் வகுக்கும்போது பாதிக்கப்பட்டவரைக் கலந்து பேசுவதை விதியாக்குங்கள். புகார் கொடுக்கும் இடங்களில் தமிழிலும் மலாயிலும் வங்காளத்திலும் பேசக்கூடியவர் ஒருவர் இருக்கும்படியோ, தொலைபேசி வழியாக உடனே கிடைக்கும்படியோ ஏற்பாடு செய்யுங்கள். பேருந்து ஓட்டுநர்களுக்கும் நிலைய ஊழியர்களுக்கும், தங்கள் கண்முன் ஒருவர் இனத்தின் பெயரால் ஏசப்பட்டால் என்ன செய்யலாம், என்ன சொல்லலாம் என்று பயிற்சி கொடுங்கள். அன்று அந்தப் பேருந்தில் ஓட்டுநர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த இளைஞர் வசையை ஒரு வாரம் தனியாகச் சுமந்திருக்க மாட்டார்.

இவற்றுள் முதலில் ஒன்றையாவது செய்ய முடியும் என்றால், மனிதவள அமைச்சுடன் இணைந்து இதைச் செய்யுங்கள்: இனவெறிப் பேச்சைப் பற்றிப் புகார் கொடுத்த காரணத்துக்காக எந்த ஊழியரின் வேலை அனுமதியும் பாதிக்கப்படாது, எந்த முதலாளியும் அவரைத் திருப்பி அனுப்பக்கூடாது என்று அரசு முத்திரையுடன் தமிழிலும் வங்காளத்திலும் பிற மொழிகளிலும் ஒரு பக்க அறிவிப்பை வெளியிட்டு, ஒவ்வொரு விடுதியின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டச் செய்யுங்கள். அந்தத் தாள் வரும் நாளில், அதை என் வகுப்பில் முதல் பாடமாக வாசிக்க வைப்பேன்.

இப்படிக்கு,
மதிப்புடன்,
அங் மோ கியோவில் வசிக்கும் ஒரு தொண்டூழிய ஆசிரியை